வேளச்சேரியா, நங்கநல்லூரா? குடிபோகும் முன் இரண்டு ஏரியாவை ஒப்பிடுவது எப்படி

பகல் பதினொரு மணிக்கு அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள்? வாடகை, ஸ்டேஷன், ஸ்கூல் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஏரியாவைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பெரும்பாலும் காலையில் எட்டரைக்குக் கிளம்பி ராத்திரி எட்டரைக்குத் திரும்புகிறவர்கள். அவர்களுக்கு அது தூங்குகிற இடம், அவ்வளவுதான். தண்ணீர் வந்ததா என்று பார்த்து மோட்டார் போடுவது, சிலிண்டர் வாங்கி வைப்பது, கரண்ட் போனால் விசிறியோடு உட்காருவது, மழைத் தண்ணீர் கேட்டைத் தாண்டும்போது முதலில் பார்ப்பது எல்லாம் வீட்டிலேயே இருக்கிறவர். எங்கள் வீட்டில் அது என் மாமியார். வயது எழுபத்தொன்று, இரண்டு முழங்காலிலும் வலி, பேச ஆள் இல்லாவிட்டால் வலி இன்னும் அதிகமாகிவிடும்.

நான் சென்னையில், கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். கணவருக்கு சோழிங்கநல்லூரில் வேலை. மகள் ஏழாவது படிக்கிறாள். திருவல்லிக்கேணியில் இருந்த வீட்டை ஓனர் தன் பையன் கல்யாணத்துக்காகத் திருப்பிக் கேட்டதும் தேட ஆரம்பித்து, கடைசியில் வேளச்சேரி, நங்கநல்லூர் என்று இரண்டில் வந்து நின்றோம். மேப்பில் பார்த்தால் நடுவில் ஆதம்பாக்கமும் புழுதிவாக்கமும்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு நாள் போகிற விதமே வேறு. கணக்கு எழுதுகிற புத்தி சும்மா இருக்காதே, ஒரு நோட்டுப் போட்டுவிட்டேன். இடது பக்கம் வேளச்சேரி, வலது பக்கம் நங்கநல்லூர். அந்த நோட்டில் உருப்படியாக இருந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன். பெயரை மாற்றிக்கொண்டால் பெரம்பூருக்கும் முகப்பேருக்கும்கூட இதே முறை ஓடும்.

முதலில் தெருவைக் குறியுங்கள்

“வேளச்சேரி நல்ல ஏரியாவா?” என்று கேட்டால் பதில் கிடையாது. தண்டீஸ்வரர் கோயில் பக்கம் ஒரு வேளச்சேரி, நூறடி ரோட்டு அபார்ட்மென்ட் ஒரு வேளச்சேரி, ஏ.ஜி.எஸ். காலனி, ராம் நகர் பக்கம் இன்னொரு வேளச்சேரி. நங்கநல்லூரிலும் நாலாவது மெயின் ரோட்டை ஒட்டிய தெருவுக்கும் பழவந்தாங்கல் ஸ்டேஷனை ஒட்டிய தெருவுக்கும் சத்தத்திலிருந்து வாடகை வரை எல்லாம் மாறும். அதனால் ஒவ்வொரு ஏரியாவிலும் இரண்டு அல்லது மூன்று தெருக்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றுக்குள் ஒப்பிடுங்கள். புரோக்கர் “பக்கத்துல தாம்மா” என்று வேறு தெருவுக்கு இழுத்தால், அது புது ஊர் மாதிரி. முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

ஒரு பொதுவான குறிப்பு மட்டும் சொல்லலாம். பழைய சிவன் கோயிலும் அதைச் சுற்றிப் பழைய தெருக்களும் இருக்கிற இடம் பெரும்பாலும் மேடாக இருக்கும். அந்தக் காலத்தில் யாரும் ஏரிக்குள் வீடு கட்டிக் குடியிருக்கவில்லை. பிற்பாடு மனை போட்டு விற்ற நகர்கள்தான் பள்ளத்துக்குள் இறங்கின.

மழையை வெயிலில் படிப்பது

வேளச்சேரி என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொல்வார்கள்: வெள்ளம். 2015 டிசம்பரும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் ஜனங்கள் காரை எல்லாம் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்களே, அந்தப் படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள்.

ஆனால் பயந்துகொண்டு தள்ளிவிடுவதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆதம்பாக்கம் ஏரியின் உபரி நீர் வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, அப்புறம் பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் பக்கம் கடல். சுற்று வட்டாரத்து ஏரித் தண்ணீர் எல்லாம் சதுப்பு நிலத்தில் வந்து சேருகிறது, வெளியே போக வழி குறுகல். சதுப்பு நிலம் நிறைந்துவிட்டால் ஓடைத் தண்ணீர் இறங்க இடமில்லாமல் தெருவிலேயே நிற்கும். ஆகவே நீங்கள் பார்க்கிற தெரு அந்த ஓடையிலிருந்து எத்தனை தூரம், எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மட்டத்தைப் பார்க்க லெவல் மீட்டர் ஒன்றும் வேண்டாம். வீட்டிலேயே எழுதி வைத்திருக்கும். ஈ.பி. மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது பாருங்கள். கீழே ஒரு பழைய பெட்டியின் தடம் சுவரில் இருந்து, புதுப் பெட்டி தலைக்கு மேல் ஏறியிருந்தால் அங்கே தண்ணீர் வந்திருக்கிறது. மோட்டாரைத் தரையில் வைக்காமல் செங்கல் மேடை கட்டி உயரத்தில் வைத்திருக்கிறார்களா? கீழ்வீட்டுக் கதவின் அடிப்பாகம் மட்டும் உப்பியிருக்கிறதா? அலமாரிக்குப் புது பெயின்ட், ஆனால் கீழ்த்தட்டில் மட்டும் வேறு பலகையா? தெருவில் இறங்கி நின்று பழைய வீடுகளின் வாசற்படியைப் பாருங்கள். மேல மேல ரோடு போட்டுப் போட்டு, வீட்டுக்குள் போக இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருந்தால் அந்தத் தெருவில் தண்ணீர் வீட்டுக்குள்தான் போகும்.

அப்புறம் தெருமுனை இஸ்திரி வண்டி. ஓனரிடம் கேட்டால் “எங்க தெருவுல ஒரு சொட்டு நிக்காது” என்பார். வேளச்சேரியில் நாங்கள் பார்த்த ஒரு தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டேன்.

“அண்ணே, 2015ல இங்க எவ்ளோ தண்ணி வந்துச்சு?”

“தோ, அந்த பச்சை கேட்ட பாரும்மா. துரு ஏறியிருக்குதுல்ல, அது வரைக்கும்.”

பச்சை பெயின்ட் அடித்த கேட்டில், என் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே பெயின்ட் வழுவழுவென்று இருந்தது, கீழே பொரிந்து போய் துரு. இரண்டு வீடு தள்ளி அதே கோடு முழங்கால் உயரத்தில். தெரு முடியும் இடத்தில் கோடே இல்லை. ஒரே தெருவில் இவ்வளவு வித்தியாசம். “2023ல?” என்றதற்கு, “கொஞ்சம் கம்மி, ஆனா மூணு நாள் நின்னுச்சு, அதான் பேஜாரு” என்றார். உயரம் மட்டும் போதாது, எத்தனை நாள் நின்றது என்பதையும் கேட்க வேண்டும் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். முதல் மாடியில் இருக்கிறவருக்கு உயரம் பிரச்சினை இல்லை. கரண்ட் இல்லாமல், லிஃப்ட் இல்லாமல், பால் இல்லாமல் மூன்று நாள் என்பதுதான் பிரச்சினை.

நங்கநல்லூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். அங்கேயும் பள்ளமான தெருக்கள் உண்டு, அதைவிட முக்கியமாக, ஊரைச் சுற்றி சப்வே. மேற்கே ரயில்வே லைன் ஓடுகிறது, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு (ஏர்போர்ட், தாம்பரம் போகிற பெரிய ரோடு) போக வேண்டுமானால் பழவந்தாங்கல் சப்வே, மீனம்பாக்கம் சப்வே, இல்லையென்றால் இன்னர் ரிங் ரோட்டில் தில்லை கங்கா நகர் சப்வே. நல்ல மழை அடித்தால் இவற்றில் தண்ணீர் நின்று மூடிவிடுவார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வராது, ஆனால் ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் சுற்று வழிதான். மாமியாரை மனதில் வைத்து இதையும் எழுதிக்கொண்டேன். கிண்டியில் 2023 ஜூனில் திறந்த அரசு உயர் சிறப்பு மருத்துவமனை இரண்டு ஏரியாவுக்குமே எட்டுகிற தூரம்தான். மழை நாளில் அங்கே போய்ச் சேர எந்த வழி திறந்திருக்கும் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

தண்ணீர்: குழாயைத் திறந்து பாருங்கள், அப்புறம் கேளுங்கள்

2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வறண்டபோது லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கத் தேவையில்லை. கேள்விகள் ஐந்து. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரிய) கனெக்‌ஷன் இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) விழுகிறது, போர் எத்தனை அடி, போன ஏப்ரல், மே மாதத்தில் லாரி எத்தனை வாங்கினார்கள், அந்தக் காசை யார் கொடுத்தார்கள். நாலாவதுக்கு வருகிற பதிலில்தான் உண்மை இருக்கும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறந்த பிறகு தென்சென்னைக்குத் தண்ணீர் கூடியிருக்கிறது. ஆனாலும் ஆலையிலிருந்து தண்ணீர் வருவது வேறு, உங்கள் அபார்ட்மென்ட் சம்ப்பில் விழுவது வேறு.

போர் தண்ணீரைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பாத்ரூம் ஷவரின் ஓட்டைகளைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் கடினம். வாஷ்பேசின் குழாய்க்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் நாமம் போட்டிருந்தால் இரும்பு. ஒரு பாட்டிலில் பிடித்து வந்து ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். சில போர் தண்ணீர் பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருக்கும், விடிந்ததும் மஞ்சளாகிவிடும். அதில் வெள்ளைத் துணி துவைத்தால் கதை முடிந்தது. மாமியார் இன்னொரு சோதனை சொன்னார்: அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிறதா பார். சோதனைக்கென்று யாரும் அடுப்பு பற்றவைக்கப் போவதில்லை, பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

போகிற தண்ணீரையும் மறக்காதீர்கள். பாதாளச் சாக்கடை இணைப்பா, செப்டிக் டேங்க்கா? நங்கநல்லூர் பழைய ஆலந்தூர் நகராட்சியில் இருந்த ஊர். 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அந்த நகராட்சி தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று ஜனங்களிடமே டெபாசிட் வாங்கிப் பாதாளச் சாக்கடை போட்டது. அப்போது முணுமுணுத்துக்கொண்டே கொடுத்த காசின் பலனை இன்று குடிவருகிற நாங்கள் அனுபவிக்கிறோம். பக்கத்திலேயே மடிப்பாக்கத்தில் பல தெருக்களுக்கு அது வெகு காலம் கழித்துத்தான் வந்தது. வாடகை குறைவாக இருக்கிறதே என்று எல்லை தாண்டிப் போகிறவர்கள் இதை விசாரித்துவிட்டுப் போகலாம்.

திங்கட்கிழமை காலை எட்டரை

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு பார்க்கப் போனால் எல்லா ஏரியாவும் பத்தே நிமிடத்தில் கிண்டிக்குப் போய்விடும். வேலை நாளில், நீங்கள் கிளம்புகிற அதே நேரத்தில், அந்தத் தெருவிலிருந்து ஆபீஸ் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். திரும்பி வருவதையும் பாருங்கள். சாயங்காலம்தான் கசப்பு.

எனக்கு நங்கநல்லூர் சுலபம். பழவந்தாங்கலில் ஏறினால் அடுத்தது பரங்கிமலை, அதற்கடுத்தது கிண்டி. வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு நேர் ரயில் கிடையாது. பஸ் அல்லது ஷேர் ஆட்டோவில் குருநானக் காலேஜ் தாண்டி ஊர்ந்து போக வேண்டும். கணவருக்கு நேர்மாறு. வேளச்சேரியிலிருந்து அவர் தரமணி லிங்க் ரோடு பிடித்து ஓ.எம்.ஆருக்குள் நுழைந்துவிடலாம், விஜயநகரிலிருந்து 570 பஸ்ஸும் உண்டு. நங்கநல்லூரிலிருந்து என்றால் கீழ்க்கட்டளை போய் ரேடியல் ரோட்டைப் பிடித்துத் துரைப்பாக்கம், அங்கிருந்து தெற்கே. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, பைக்கின் சாவியை மட்டும் மேஜையில் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

பறக்கும் ரயில் பற்றி ஒரு வார்த்தை. திருவான்மியூர் வரை ஓடிக்கொண்டிருந்த ரயில் 2007 நவம்பரில் வேளச்சேரி வரை வந்தது. மயிலாப்பூர், சேப்பாக்கம் பக்கம் வேலை என்றால் வேளச்சேரிக்கு இணையே இல்லை, உட்கார்ந்துகொண்டே போகலாம். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷனிலிருந்து வெளியே நடந்து பாருங்கள். மண்டபம் மாதிரி பெரிய கட்டடம், ஆள் நடமாட்டமே இல்லாத மாடிகள். தனியாக வரும் பெண்கள் எந்தப் படிக்கட்டில் இறங்குகிறார்கள் என்று கவனித்து, அந்த வழியில் விளக்கு எரிகிறதா பாருங்கள்.

பெயரை நம்பியும் ஏமாறக்கூடாது. நங்கநல்லூர் ரோடு மெட்ரோ என்று ஒரு ஸ்டேஷன் 2016இலிருந்து இருக்கிறது. விளம்பரம் எல்லாவற்றிலும் “மெட்ரோ அருகில்” என்று வரும். அது ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிறது, ஊருக்குள் ஆஞ்சநேயர் கோயில் பக்கம் குடியிருப்பவர் ரயில்வே லைனைத் தாண்டித்தான் அதைப் பிடிக்க வேண்டும். “வரப்போகிறது” என்று சொல்லப்படும் எதற்கும் ஒரு ரூபாய் கூடக் கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை வெறும் 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதைக்கு 2008இல் வேலை தொடங்கினார்கள். ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்கு வந்த வழக்கில் அது வருடக்கணக்கில் நின்றது. அதை நம்பி அந்தக் காலத்தில் வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள் காலேஜ் முடித்துவிட்டார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டத்திலும் அப்படித்தான்: மேடவாக்கம் மெயின் ரோட்டில் தூண் எழும்புவதால் வரப்போகிற வசதியைவிட, இப்போது இருக்கிற தடுப்பும் தூசியும்தான் உங்கள் கணக்கில் வர வேண்டும்.

பாட்டி நடை

என் நோட்டில் அதிகப் பக்கம் இதற்குத்தான். வீட்டிலேயே இருக்கப்போகிறவரை அழைத்துக்கொண்டு போய், வீட்டு வாசலிலிருந்து பால், காய்கறி, மருந்துக்கடை, டாக்டர், கோயில் என்று அவர் போகக்கூடிய இடங்களுக்கு நடக்க விடுங்கள். நீங்கள் பின்னால் போங்கள், பேசாதீர்கள். எங்கே நிற்கிறார், எங்கே கையைப் பிடித்துக்கொள்கிறார், எந்த இடத்தில் “போதும், திரும்பலாம்” என்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

வேளச்சேரியில் நாங்கள் பார்த்த ஃப்ளாட் நாலாவது மாடி. லிஃப்ட், செக்யூரிட்டி, ஜெனரேட்டர், குழந்தைகள் விளையாட இடம், எல்லாம் கச்சிதம். மகளுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. கேட்டுக்கு வெளியே வந்தால் நூறடி ரோடு. எதிர்ப்பக்கம்தான் காய்கறிக் கடை. அத்தை ரோட்டோரம் நின்று வண்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “எல்லாத்தையும் போன்ல வரவழைச்சுக்கலாம்தான், இல்ல?” என்றார். ‘இல்ல?’ என்று இழுத்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

நங்கநல்லூரில் வீடு பழசு, மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது முதல் மாடி, பதினேழு படி. முழங்கால் வலிக்காரருக்கு இது சின்ன விஷயமில்லை. நடுவில் திரும்புகிற இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். ஆனால் இறங்கிவிட்டால் மெயின் ரோட்டைக் கடக்காமலே மளிகை, காய்கறி, மருந்துக்கடை, இரண்டு டாக்டர். பூக்காரம்மாவிடம் முழம் என்ன விலை என்று கேட்க ஆரம்பித்தவர், அந்தம்மாவின் மருமகள் எந்த ஊர் என்பது வரை போய்விட்டார். முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயர் இருக்கிற கோயில் கொஞ்சம் தூரம், அதற்கு ஆட்டோதான். சனிக்கிழமை மட்டும் அந்தப் பக்கம் வண்டியோடு போகாமல் இருப்பது நல்லது.

லிஃப்ட் இருந்தும் வீட்டுக்குள்ளேயே இருப்பதா, படி ஏறி இறங்கி நாலு பேரோடு பேசுவதா? நான் அவரிடமே விட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் பதினொரு மணிக்கு இருக்கப்போவது கைக்குழந்தையோடு ஒரு பெண் என்றால் விடை வேறாக வரலாம்; தள்ளுவண்டியோடு மாடி ஏறுவது நடக்கிற காரியமில்லை. யாருமே இருக்கப்போவதில்லை என்றாலும் வேறுதான். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் இப்போது தரமணியில் வேலை பார்க்கிறாள், தனியாகக் குடியிருக்கிறாள். அவள் யோசிக்காமல் வேளச்சேரிக்குப் போனாள். ராத்திரி பத்தரைக்கும் ஹோட்டல் திறந்திருக்கும், ரோட்டில் ஆள் இருக்கும், யார் எப்போது வந்தார்கள் என்று எதிர் வீடு கணக்கெடுக்காது. நங்கநல்லூரில் பல தெருக்கள் ஒன்பதரைக்கே அடங்கிவிடும், எதிர் வீட்டுக் கணக்கும் சுத்தமாக இருக்கும். எனக்கு அது பாதுகாப்பு, அவளுக்கு அது தொல்லை.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக: நங்கநல்லூரில் விமானம். ஏர்போர்ட் பக்கத்தில்தானே. மொட்டை மாடியில் அரை மணி நேரம் நின்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வேளச்சேரியில் ஹாரன், சனி ஞாயிறு மாலுக்குப் போகிற கூட்டம். இரண்டு இடத்திலும் கல்யாண மண்டபம், டாஸ்மாக் எங்கே இருக்கிறது என்று சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் தெரிந்துவிடும்.

ஓனர் கேட்கும் கேள்விகள்

ஏரியாவை நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், ஏரியாவும் நம்மைத் தேர்ந்தெடுக்கும். “நீங்க என்ன ஆளுங்க?”, “வெஜிடேரியனா?” இந்தக் கேள்விகள் இரண்டு பக்கமும் உண்டு, நங்கநல்லூரில் கொஞ்சம் கூடுதல். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன். அதைப் போனிலேயே சொல்லிவிடுவேன். “சார், நாங்க நான்-வெஜ் சமைப்போம், பரவாயில்லையா?” பாதிப் பேர் மரியாதையாக வைத்துவிடுவார்கள். நேரம் மிச்சம். ஒளித்து வைத்துக் குடிபோய், ஜன்னலைச் சாத்திக்கொண்டு வஞ்சிரம் வறுப்பதில் என்ன சுகம் இருக்கிறது? வேளச்சேரியில் கேள்வி வேறு மாதிரி: ஃபேமிலியா, பேச்சலரா, எந்தக் கம்பெனி. தனியாக இருப்பவர்களுக்கு அங்கே கதவு கொஞ்சம் சுலபமாகத் திறக்கிறது.

கணக்கு

வாடகையை வைத்து ஏரியாவை ஒப்பிடாதீர்கள், மாதம் கையை விட்டுப் போகிற மொத்தக் காசை வைத்து ஒப்பிடுங்கள். எங்களுக்கு வேளச்சேரியில் சொன்னது 24,000 வாடகை, 3,500 மெயின்டனன்ஸ். நங்கநல்லூரில் 21,000, மெயின்டனன்ஸ் 1,500. பார்த்தால் 5,000 ரூபாய் வித்தியாசம். நங்கநல்லூர்ப் பக்கத்தில் கணவரின் கூடுதல் பெட்ரோல் 1,800, மகளின் ஸ்கூல் வேன் கூடுதல் 1,200 என்று எழுதியதும் வித்தியாசம் 2,000 ஆகிவிட்டது. என் பயணச் செலவு குறைவதையும், வேளச்சேரியில் அத்தை எங்கே போனாலும் ஆட்டோ என்பதையும் சேர்த்தால் மறுபடி கொஞ்சம் விரியும். இப்படி எழுதிப் பார்க்காமல் “அது சீப், இது காஸ்ட்லி” என்று சொல்வதில் அர்த்தமில்லை. வெள்ளை போர்டு சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு 2021இலிருந்து டிக்கெட் கிடையாது. உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் அந்த பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதும் கணக்கில் ஒரு வரிதான். வீட்டு வேலைக்கு வருகிறவர் எந்த பஸ்ஸில் வருவார் என்பதும்.

கரண்டில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஈ.பி. சர்வீஸ் இருக்கிறதா, அல்லது ஓனர் மீட்டரிலிருந்து சப்-மீட்டரா என்று கேளுங்கள். தனி சர்வீஸ் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், குறைவாகச் செலவழித்தால் கட்டணமும் குறைவு. சப்-மீட்டர் என்றால் ஓனர் ஒரே ரேட் போட்டு வாங்குவார், 100 யூனிட் சலுகை உங்களுக்கு வராது. பகல் முழுக்க விசிறி ஓடும் வீட்டில் இது பெரிய காசு.

அட்வான்ஸ் விஷயத்தில் பத்து மாதம் என்பது சென்னைப் பழக்கம். 2017இல் போட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. அந்த ‘ஒழிய’ வழியாகத்தான் பத்து மாதம் உள்ளே வருகிறது. சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது, ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் ஐந்து மாதத்துக்கு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பற்றியும் முதலிலேயே பேசி ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

எப்போது பார்ப்பது

மே மாதத்தில் தேடினால் தண்ணீர்க் கஷ்டம் கண்ணுக்குத் தெரியும், மழைக் கஷ்டம் தெரியாது. நவம்பரில் தேடினால் நேர்மாறு. ஸ்கூல் திறப்பதற்காக எல்லாரும் ஏப்ரல், மேயில்தான் அலைகிறார்கள், அதனால் வாடகையும் அப்போது ஏறும். அவசரம் இல்லாதவர்கள் ஆடியில் பாருங்கள். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். காலி வீட்டை வைத்துக்கொண்டு ஓனர் உட்கார்ந்திருப்பார், புரோக்கரும் போனை முதல் மணியிலேயே எடுப்பார். நாங்கள் நங்கநல்லூர் வீட்டை ஆடியில் பேசி, வாடகையில் ஆயிரம் குறைத்து, டோக்கன் கொடுத்து, மெட்ரோ வாட்டரும் லாரிச் செலவும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டோம். அத்தை ஆடியில் பால் காய்ச்ச ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது தெரிந்ததுதான். ஒப்பந்தத்தில் வாடகை ஆவணி முதல் தேதியிலிருந்து என்று போடச் சொல்லிவிட்டேன், ஓனரும் சரி என்றார்.